பக்கத்து வீட்டுத் தண்ணீர்

பெண் கொடுக்கப் போகும் ஊரில் எங்கள் வீட்டுப் பெண்கள் ஒரு காரியம் செய்வார்கள். மாப்பிள்ளை வீட்டில் உட்காருவதற்கு முன்பே பக்கத்து வீட்டில் போய்க் குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள். சம்பந்தி வீட்டுக் காபி அன்றைக்குத் திக்காகத்தான் இருக்கும். நாளை நம் பெண்ணுக்கு ஒன்று என்றால் ஓடி வரப்போவது பக்கத்து வீடுதானே. செங்கத்திலிருந்து என்னைக் கொடுக்க வந்தபோது என் அம்மா கேட்டது தண்ணீர், வந்தது மோர். அந்த மோருக்காகவே நான் மலைமேல் இருக்கும் இந்த ஜமுனாமரத்தூர்க்காரி ஆனேன்.

அமெரிக்காவில் இருக்கும் என் மகள் முழுகாமல் இருந்தாள். மருமகனுக்கு டல்லாஸ், சியாட்டில், சிகாகோ மூன்றிலும் வேலை கிடைத்திருந்தது. என் கணவருக்கு அப்போதுதான் நெஞ்சில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அவரை விட்டுப் பிரசவத்துக்குப் போக எனக்கு வழியில்லை. அவள் தனியாகப் பெற்றெடுக்க வேண்டுமே என்ற நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வாழ எந்த ஊர் நல்லது என்று மருமகன் வாடகை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் அலசி, டல்லாஸ் என்றார். சியாட்டிலில் ஓயாத மழையாம். சிகாகோவில் ஆளைக் கொல்லும் குளிராம்.

"குளிருன்னா இன்னா இப்போ? நம்ம மலை மார்கழில வளந்தவதானே" என்றார் கணவர். அவருக்குத் தெரிந்த ஐஸ், மீன் வண்டியில் வருவது மட்டும்தான்.

நான் மகளிடம், "வூடு பாக்கப் போறப்போ பக்கத்து வூட்ல தண்ணி கேளுடி" என்றேன்.

"அம்மா, இங்க அப்டி கேட்டா போலீஸைக் கூப்புடுவாங்க!"

சிரித்தாளே தவிர, கேட்டிருக்கிறாள். டல்லாஸில் கதவு திறக்கவில்லை. காமிரா வழியாக ஒரு குரல் என்ன வேண்டும் என்றதாம். சியாட்டிலில் தண்ணீர் பாட்டிலை வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்களாம். சிகாகோவில் ஒரு பெண்மணி, கையெல்லாம் ரொட்டி மாவோடு, உள்ளே அழைத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, எத்தனையாவது மாதம் என்று கேட்டாராம்.

"அங்கயே போங்க" என்றேன். சிகாகோவில் அந்த வீட்டுக்கே குடிபோனார்கள். மருமகன் கொஞ்ச நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. போகட்டும்.

தை மாதம், பனி கொட்டும்போது, மருமகன் வெளியூர் போயிருந்த நேரத்தில் மகளுக்கு வலி எடுத்தது. காரில் கூட்டிப்போய்ப் பிரசவம் முடியும்வரை கூடவே இருந்தது அந்தப் பெண்மணிதான்.

போனில் பேரன் போட்டோ வந்தது. அந்தப் பெண்மணி கையில் இருந்தான். முதலில் எனக்குப் பொறாமைதான் வந்தது. நான் ஏந்தியிருக்க வேண்டிய பிள்ளை. படத்தைப் பெரிதாக்கினேன். பேரன் யார் ஜாடை என்று பார்ப்பதற்கு முன், அந்தக் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.