சூப்பிரண்டு சாரின் பரீட்சை அட்டை

பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் கையில் வைத்திருப்பார்களே, மேலே இரும்புக் கிளிப் போட்ட பழுப்பு அட்டை, அது ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. புதுக்கோட்டையில் நான் வேலை பார்த்த அரசு அலுவலகத்தின் சூப்பிரண்டு சார், ஓய்வு பெற்ற அன்று கொடுத்தது. வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வாங்கிக்கொண்டேன்.

சார் நாவல் எழுதப்போகிறவர். எழுதுகிறவர் என்று சொல்ல முடியாது. வந்து சேரும் கல்யாணப் பத்திரிகைகளை ஒரே அளவாக வெட்டி, கதையில் வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு ஒதுக்கி, வயது, கோபம், பிடித்த குழம்பு வரை எழுதி ரப்பர் பேண்டு போட்டு வைப்பார். குறிப்பெல்லாம் பென்சிலில்தான். அதையும் பிளேடால்தான் சீவ வேண்டும். சட்டைப் பையில் ஒரு மைப் பேனா இருக்கும். அதை வெந்நீரில் கழுவிக் கழுவித் துடைப்பாரே தவிர மை ஊற்ற மாட்டார். முதல் வரி வரட்டும் என்பார். சாப்பாட்டு வேளையில் நான் சும்மா இருக்க மாட்டேன். "ஆக்கவும் பொறுத்தாச்சு, ஆறவும் பொறுத்தாச்சு, எலையத்தான் சார் இன்னும் போடக் காணோம்" என்பேன். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அது கடற்கரைக் கதை. சாரோ அரிமளத்துப் பக்கம், வானம் பார்த்த பூமிக்காரர். "வலைக்கு எத்தன நூலுன்னு தெரியாம வலைக்காரனப் பத்தி எழுதக் கூடாதுங்க தம்பி" என்று, புயலடித்து ஓய்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பைக்கில் ஏறிக்கொண்டார். கட்டுமாவடியில் அட்டையில் தாளைச் சொருகிக்கொண்டு வீடு வீடாகப் போனார். பெயர், படகு, வலை, புயலில் போனது என்று எல்லாம் கேட்டார். நீங்கள் யாரென்று கேட்டவர்களிடம் நாவலைப் பற்றிச் சொல்ல அவருக்குக் கூச்சம். "புதுக்கோட்டை ஆபீஸ்லேர்ந்து வாரோங்க" என்றார். பொய்யில்லைதான். அவர்கள் நாற்காலி போட்டார்கள், கலர் வாங்கிக் கொடுத்தார்கள், தங்கள் பெயர் சரியாக விழுந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்கள். வெயிலுக்கு இதமாக இருக்கிறதென்று நானும் வாங்கிக் குடித்தேன். தினம் தினம் மனு வாங்குகிற எங்கள் இருவருக்கும் அப்போது ஒன்றுமே உறைக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, அந்த ஊரிலிருந்து ஒரு அம்மா எங்கள் அலுவலகத்தைத் தேடிப்பிடித்து வந்தார். கையில் ரேஷன் கார்டு நகல். நிவாரணம் எப்போது வரும் என்று கேட்டார். உண்மையான கணக்கெடுப்பு நடந்த அன்று அவர் ஊரில் இல்லை. "அதான் நீங்க முன்னாடியே எழுதிட்டுப் போயிட்டீங்களேன்னு கருவாடு விக்கப் போயிட்டேங்க" என்றார்.

சார் எழுந்து நின்றுவிட்டார். "அது... கதை எழுதறதுக்காகக் கேட்டதும்மா."

"கதைக்கா?" அந்த அம்மா என்னைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார். "அப்ப எம்பேரு எங்கிட்டும் போகலயாங்க?"

திட்டியிருந்தால் தேவலை. சார் மைப் புட்டியைத் திறந்து, அத்தனை காலம் காத்த பேனாவில் மை ஊற்றி, அந்த அம்மாவுக்காக ஒரு மனு எழுதினார். அழகான மனு. கெடு முடிந்துவிட்டதென்று திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அவர் சட்டைப் பையில் அந்தப் பேனாவை நான் பார்க்கவில்லை. எலை போடுகிற பேச்சை நானும் எடுக்கவில்லை.

இப்போது எனக்கும் எழுதும் ஆசை வந்திருக்கிறது. வெட்கமில்லாமல் அந்த அம்மா தேடி வந்த கதையைத்தான் எழுத நினைத்தேன். சாரின் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. இடத்தை ஒரு தரம் பார்த்துவிடலாமென்று போன மாதம் கட்டுமாவடிக்குப் போனேன். கரையில் நின்று பையிலிருந்து அட்டையை எடுத்தேன். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து, மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டார். "எழுத வந்திருக்கீங்களாங்க? இங்கிட்டு நெழலுக்கு வாங்க, சேர் எடுத்தாரேன்" என்றார்.

"இல்லங்க, மீன் வாங்க வந்தேன்" என்று சொல்லி அட்டையைப் பைக்குள் திணித்தேன். நல்லவேளை, அவர் என் பெயரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.