கண்ணாடி மீனும் கல்லுப்பும்

சாவதற்கென்றே பிறந்த ஜந்து ஒன்று உண்டென்றால் அது கண்ணாடி மீன்தான். எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் கிடைக்கும். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் உடம்புக்குச் சாயம் பூச ஆண்டவன் மறந்துவிட்டான். முள், குடல், காலையில் தின்றது எல்லாம் வெளியே தெரியும். தண்ணீர் வற்றி, மீன் பிடிக்கக் கண்மாய் அழிக்கிற அன்று ஊரே ஊத்தாக் கூடையோடு இறங்கி விராலுக்கும் கெளுத்திக்கும் அடித்துக்கொள்ளும். கண்ணாடி மீன் அகப்பட்டால் உதறிக் கரையில் போட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு அதன்மேல்தான் ஆசை வந்து தொலைத்தது.

யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்திய கதை. நான் புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். திருக்கோகர்ணத்தில் வாடகை வீடு, கல்யாணமாகி ஒரு வருஷம் ஆன மனைவி, ஒரு சைக்கிள். சாமி, பூதம், சகுனம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வெளியே வைத்துவிட்ட கர்வம் வேறு. பள்ளிக்கூட லேபில் பாட்டரிக்கு வைத்திருந்த பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்று கீறல் விட்டதால் கழித்துப் போட்டார்கள். அரக்கை உருக்கிக் கீறலை அடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒன்றரைக் குடம் தண்ணீர் பிடித்தது.

"இது எதுக்குங்க?" என்றாள் மனைவி.

"மீன் வளர்க்க."

"வளர்த்து?"

"பாக்கத்தான்."

"திங்கிறதுக்கு இல்லையா?"

இல்லை என்றேன். மாப்பிள்ளையைப் பற்றி நாலு இடத்தில் விசாரிக்காமல் பெண் கொடுத்துவிட்டார்களே என்று அப்பனையும் அண்ணனையும் நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. அப்படியே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அரிமளத்துக்குப் போகிற வழியில் ஒரு கண்மாய். அங்கிருந்து முதல் தவணையாகப் பத்து மீன் கொண்டுவந்தேன். கோயில் குளத்து மீனுக்கெல்லாம் பொரி போடுகிறார்களே என்று நானும் பொரி போட்டேன். அவை பொரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆறாம் நாள் பத்தும் மிதந்தன. இரண்டாம் தவணைக்குச் சோற்றுப் பருக்கை. தண்ணீர் புளித்துக் கள்ளு நாற்றம் அடித்தது, மீன் செத்தது. மூன்றாம் தவணைக்கு அவித்த முட்டையின் மஞ்சள் கரு. எங்கள் வீட்டில் அப்போது எனக்கே வாரத்துக்கு ஒரு முட்டைதான். அதில் பாதியைத் தின்னக் கொடுத்தும் அந்த நன்றிகெட்ட ஜென்மங்கள் எட்டு நாளில் கண்ணை மூடின.

பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த தமிழ்ப் பண்டிதருக்கு இது நல்ல தீனி. காலையில் என்னைக் கண்டதும், "என்ன ஐயா, இன்னைக்குப் பத்தா, பதினாறா?" என்று கேட்பார். அவர் வாயை அடைக்கவாவது ஒரு மீன் உயிரோடு இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

நாலாம் தவணையில்தான் ஒரு விஷயம் பிடிபட்டது. தொட்டியில் தற்செயலாக விழுந்த ஒரு கூத்தாடிப் புழுவை ஒரு மீன் பாய்ந்து கவ்வியது. ஓகோ, துரைக்கு உயிரோடு நெளிந்தால்தான் இறங்குமா என்று தெரிந்துகொண்டேன். உடனே கொல்லையில் நாலு உடைந்த பானையில் தண்ணீர் ஊற்றிக் கொசு வளர்க்க ஆரம்பித்தேன். சுகாதாரத்துக்காரர் ஒருவர் தெருத்தெருவாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் எங்கள் கொல்லையையும் எட்டிப் பார்த்தார். கொசு எப்படி உற்பத்தியாகிறது என்று போன மாதம்தான் அவர் தலைமையில் நான் பிள்ளைகளுக்குப் பிரசங்கம் செய்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், நாலு பானையிலும் மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டுப் போனார். அப்புறம் பானையின் மேல் பழைய சேலையைக் கட்டி விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

அப்படிக் கொசுக்கடி பட்டு வளர்த்தும் இருபது நாளுக்கு மேல் நிற்கவில்லை. செதிலில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டினாற்போல் ஒன்று வரும். மறுநாள் மீன் ஒரு பக்கமாகச் சாயும். அதற்கு அடுத்த நாள் பண்டிதர் துக்கம் விசாரிப்பார்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. மாசியிலேயே கண்மாய் எல்லாம் வறண்டு வெடித்துவிட்டது. அரிமளம் வழியில் என்னுடைய கண்மாயில் ஒரே ஒரு குட்டை மிச்சம் இருந்தது. எருமைகளோடு சண்டை போட்டு அதிலிருந்து ஏழு மீன் பிடித்தேன். இதுவும் போனால் மழை பெய்கிற வரைக்கும் இந்த வட்டாரத்தில் கண்ணாடி மீன் கிடையாது என்று தெரியும். ஏழையும் பானையில் விட்டு, சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

அதிசயம், அந்த ஏழும் சாகவில்லை! இருபது நாள் போயிற்று, நாற்பது போயிற்று, மூன்று மாதம் ஆயிற்று. பஞ்சு வரவில்லை. வெயில் பட்டால் உடம்பில் நீலமும் பச்சையும் ஓடும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சட்டையைக் கழற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கர்வம் அதற்கும் மேலே. வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுவது, காலை வெயில் இவ்வளவு, கூத்தாடி இவ்வளவு என்று என் கைங்கரியத்தையெல்லாம் எழுதி, 'கண்ணாடி மீன் வளர்ப்பில் விஞ்ஞான முறை' என்று தலைப்பும் போட்டு, வாத்தியார்கள் கூட்டத்தில் படித்தேன். பண்டிதர்கூடக் கை தட்டினார்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. கட்டடம் பார்க்க யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று மத்தியானத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்தேன். மனைவி தொட்டியின் முன்னால் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தாள். வலது கையை மூடித் தலையை மூன்று முறை சுற்றினாள். அப்புறம் கையில் இருந்ததைத் தொட்டியில் போட்டுக் கும்பிட்டாள். கல்லுப்பும் மிளகும்.

"அடிப்பாவி! என்ன காரியம் செய்யிறே?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். "வேண்டுதலுங்க" என்றாள்.

மரு உதிர வேண்டுமென்றால் கோயில் குளத்தில் உப்பும் மிளகும் போடுவது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிறதுதான். உப்புக் கரைகிற மாதிரி மருவும் கரையுமாம். அவளுக்கு மோவாயில் ஒரு மரு இருந்தது.

"அதைக் கோயில் குளத்துல போய்ப் போட வேண்டியதுதானே?"

"குளத்துல ஏதுங்க தண்ணி? சேறுல்ல கெடக்கு. மீன் இருக்கிற தண்ணியில போட்டாச் சரிதான்னாங்க. இந்த ஊருல இப்ப மீன் இருக்கிற தண்ணி நம்ம வீட்டுலதான இருக்கு?"

"எத்தனை நாளா நடக்குது இது?"

"பன்னெண்டு வாரம்."

"மிளகு ஒண்ணுகூட என் கண்ணுல படலையே?"

"மெதக்கும். நீங்க வர்றதுக்குள்ள எடுத்துருவேன்."

"எடுத்து?"

கொஞ்சம் தயங்கினாள். "ரசத்துலதாங்க போட்டேன். வீணாக்குவாங்களா?"

பன்னிரண்டு வாரமாக மீன் குளித்த மிளகில் ரசம் குடித்து, நன்றாயிருக்கிறது என்று இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிய வயிறு அது. வந்த கோபத்தில், "மருவுக்கு என்ன இப்ப அவசரம்? யாரு ஒன் மொகத்தைப் பாத்து அழுதா?" என்று கத்தினேன்.

"நீங்கதான சொன்னீங்க" என்றாள். "பொங்கலுக்கு எங்க அண்ணன் வந்திருந்தப்ப, சாப்பிட ஒக்காந்து எல்லாருக்கும் முன்னாடி. 'தங்கச்சி மோவாயில ஒரு மிளகை ஒட்டி அனுப்பியிருக்கீங்களே மச்சான், சீர் வரிசை லிஸ்டுல அதைக் காணோமே'ன்னு. எங்க அண்ணன் சிரிச்சாக. அப்புறம் ஊருக்குப் போறவரைக்கும் என் மொகத்தைப் பாக்கலை."

நான் சொன்னதே எனக்கு மறந்து போயிருந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் அந்த வயதில் எனக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும். மூடநம்பிக்கை, அறிவீனம், உப்பில் மீன் செத்துப்போகும் என்று ஒரு மணி நேரம் பாடம் நடத்தினேன். தொட்டித் தண்ணீர் முழுவதையும் கொட்டி, கழுவி, கிணற்றுத் தண்ணீரை நிரப்பினேன். இனிமேல் இந்தப் பக்கம் உப்போடு வந்தால் பார் என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

பதினோராம் நாள் பஞ்சு வந்தது.

முதலில் ஒன்று போயிற்று. அப்புறம் ஒரே நாளில் இரண்டு. நாலு பாக்கி. சயின்ஸ் படித்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். மூன்று மாதம் அவற்றைக் காப்பாற்றியது என் விஞ்ஞான முறை அல்ல, அவள் போட்ட உப்பு. ஆனால் அதை அவளிடம் போய்ச் சொல்வதற்கு நாக்குப் புரண்டால்தானே? கட்டுரை வேறு படித்திருக்கிறேன். அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து நானே உப்புப் பானையைத் திறந்தேன். அன்று அவள் கையில் பார்த்த அளவைப் பன்னிரண்டால் பெருக்கினேன். உத்தேசமாக ஓர் உழக்கு வந்தது. உழக்கையும் ஒரேயடியாகக் கொட்டினேன். வாராவாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை நானே வெளியே கொட்டிக்கொண்டிருந்தேன் என்பது இந்தக் கணக்குப் புலிக்கு ஞாபகம் வரவில்லை. அவள் திரும்பி வருவதற்குள் மூன்று மீன் மல்லாந்துவிட்டன. நாலாவதை அள்ளி வைத்துக்கொண்டு, தொட்டியைக் கொட்டிக் கழுவி, நல்ல தண்ணீரில் விட்டேன். அதற்கும் வால் பக்கம் பஞ்சு பிடித்திருந்தது. ஊரில் மிச்சம் அது ஒன்றுதான்.

இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ராத்திரியில் விளக்கை எடுத்துக்கொண்டு எழுந்து எழுந்து போய்ப் பார்த்தேன். ஒரு கண்மாய் மீனுக்காக இப்படியா என்று என்னையே திட்டிக்கொண்டேன், அதற்கும் மனசு கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்படி வாசலில் போய் நின்றேன்.

"எவ்வளவு உப்புப் போடுவே?"

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எதுக்குங்க?"

"மீனுக்கு."

"உப்புப் போட்டாச் செத்துப்போகும்னீங்க?"

"சொன்னேன்."

"அறிவீனம்னீங்க."

"அதையும் சொன்னேன். இப்ப வந்து போடு."

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். உப்புப் பானையில் இருந்த பள்ளத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உள்ளங்கைக் குழியில் கொஞ்சம் உப்பு எடுத்துக்கொண்டு தொட்டிக்கு வந்தாள். மீன் ஒரு மூலையில் சாய்ந்து வாயை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"எனக்குன்னு வேண்டிக்கிட்டதை நீங்க கொட்டிப்புட்டீங்க. வேண்டுதலை நடுவுல விட்டா மறுபடி ஆரம்பிக்கக் கூடாது" என்றாள். "மீனுக்காக வேணாப் போடுறேன். ஆனா மீன் ஒங்களுது. நீங்கதான் கும்பிடணும்."

"நான் கும்பிடுறதா?"

"வேண்டாம்னா நான் போய் வெங்காயத்தை உரிக்கிறேன்."

மீனைப் பார்த்தேன். கழித்துக் கட்டிய பாட்டரித் தொட்டியின் முன்னால் சயின்ஸ் வாத்தியார் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். அவள் என் தலையை மூன்று முறை சுற்றி உப்பைத் தண்ணீரில் விட்டாள். இதற்குப் பிறகு அந்த மீன் பஞ்சு உதிர்ந்து எழுந்து, மழை வந்து, அடுத்த கண்மாய் அழிப்பையும் பார்த்துவிட்டுத்தான் செத்தது. அது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

"ஏதாச்சும் சொல்லி வேண்டிக்கிடுங்க. சும்மா நின்னா எப்படி?" என்றாள்.

கொஞ்ச நேரம் உப்பு கரைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் வாய் தானாகச் சொல்லிற்று.

"ஒன் அண்ணன் முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்புத்தான்."

அவள் முந்தானையால் மோவாயைத் துடைத்துக்கொண்டாள்.

"இதை மீனுக்குச் சொல்றீங்களா, எனக்கா?"

"ரெண்டு பேருக்கும்."

"அப்ப ரெண்டு தடவை கும்பிடுங்க."

ஒரு கும்பிடு மீனுக்குப் போட்டேன். இரண்டாவதை அவள் பக்கம் திரும்பி நின்று போட்டேன்.