படையலில் வைத்த நகைப் புத்தகம்

அண்ணன் செத்த பதினாறாம் நாள் படையலில் அம்மா அவன் போட்டோவுக்கு முன்னால் பிரியாணியும் புதுச் சட்டையும் வைத்தாள். பக்கத்திலேயே ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகத்தை வைத்து, அட்டையில் சந்தனமும் குங்குமமும் இட்டாள்.

"எட்டாவது ஃபெயிலுக்கு இங்கிலீஷ் புக்கா? மேல போய் கலெக்டராவப் போறானா?" என்றார் மாமா. நாலு பேர் சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரிக்கிற வாயை எல்லாம் அன்றைக்குத்தான் பார்த்து வைத்தேன்.

அது பழைய நகை, வெள்ளிச் சாமான், பீங்கான், கண்ணாடி விளக்கு சேர்க்கிற பணக்காரர்களுக்கான புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் கலர் படம். தட்டைக் கவிழ்த்தால் அடியில் என்ன முத்திரை இருக்கும், கம்மலின் திருகு எந்தக் காலத்தில் எப்படி இருந்தது, உடைந்ததை ஒட்டியிருந்தால் எப்படித் தெரியும், எல்லாம் படத்திலேயே இருக்கும். அண்ணனுக்கு இங்கிலீஷ் வராது. படம் போதும் அவனுக்கு.

புத்தகம் அவனுடையது இல்லை. சென்னையில் பழைய பொருள் கடை வைத்திருக்கிற ஒரு ஆளுடையது. அண்ணன் அவனை சார் என்பான். எனக்கு அவன் வெறும் ஆள்தான். அண்ணனுக்குத் தேர்வாய் கண்டிகையில் ஒரு ஃபேக்டரியில் காண்ட்ராக்ட் வேலை. வார லீவில் அந்த ஆளோடு பழைய பொருள் தேடிக் காரில் ஊர் ஊராகப் போவான். எங்கள் ஆட்கள் காலம்காலமாக நடவு நட்ட நிலத்துக்காரர்கள் வீடுகள்தான் எல்லாம். நாங்களாகப் போனால் பின்வாசலோடு சரி. சார் போனால் கூடத்தில் நாற்காலி. அண்ணன் நாற்காலிக்குப் பின்னால் நின்று கூடத்தையே கண்ணால் மேய்ந்துவிட்டு வருவான். வீட்டுக்கு வந்து, எந்தப் படத்து மாதிரிப் பொருள் எந்த வீட்டில் இருக்கிறது என்று படத்துக்குப் பக்கத்தில் எழுதுவான். பென்சிலில்தான். பேனாவைத் தொட்டால் கையை உடைப்பேன் என்று அந்த ஆள் சொல்லியிருந்தான்.

'திருவாலங்காடு, ஸ்டேஷன் பின்னாடி, பச்ச கேட்டு. ஆயா காதுல இதே கம்மல். ஒரு கல்லு புதுசு.' 'இந்த ஜாடில ஊறுகா போட்டு வெச்சிக்கிறாங்க. மதிப்பு தெரியாது.' 'இங்க நாய் கடிக்கும்.' 'வள்ளூர், மாடி ஊடு. எல்லாமே டூப்பு, பீத்தல் மட்டும் ஒரிஜினல்.' இப்படிப் புத்தகம் முழுக்க.

மஞ்சள் காமாலையில் அண்ணன் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அந்த ஆள் ஒரே ஒரு தடவை போன் செய்தான். "புக்கு பத்திரமா இருக்குதா?" என்று கேட்டான். சாவுக்கு வரவில்லை. படையலன்று காலையில், கற்பூரம் ஏற்றுவதற்கு முன்னால் வந்து நின்றான்.

"இன்னாம்மா, என் புக்குக்குப் போய் குங்குமம் வெச்சிட்டீங்க?" என்று குனிந்து கையை நீட்டினான்.

அம்மா தடுத்தாள். "காக்கா சோறு எடுக்கட்டும் சார். படையல்ல வெச்சத நடுவுல தூக்கக் கூடாது. சாய்ந்திரம் வாங்க." பிறகு என்னிடம், "அடுத்தவங்க பொருள வெச்சிக்கினா நைனா நிம்மதியா போவ மாட்டான்டி. குட்த்துடு" என்றாள். மகனை அவள் எப்போதும் நைனா என்றுதான் கூப்பிடுவாள்.

அந்த ஆள் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "பாப்பா, பக்கம் எதுவும் கிழியாம பாத்துக்கோ. புக்கு போனா வேற வாங்கிக்குவேன். உங்கண்ணன் எழுதி வெச்சிருக்கான் பாரு, அதான் எனக்கு வேணும்."

அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் புத்தகத்தை அப்படியே கொடுத்திருப்பேன்.

காக்கா சோறு எடுத்ததும், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் ரப்பர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். நிலத்துக்காரர்களைக் காப்பாற்ற இல்லை. அவர்கள் ஜாடியை எவன் ஏமாற்றி வாங்கினால் எனக்கென்ன? என் அண்ணன் நின்று நின்று பார்த்து எழுதியது அந்த ஆளுக்குக் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான். பச்சை கேட் போனது. நாய் போனது. அண்ணன் மேலும் கோபம் வந்தது. எதற்கு இவ்வளவு எழுதினாய், யாருக்கு எழுதினாய் என்று திட்டிக்கொண்டே அழித்தேன்.

சாயங்காலம் அந்த ஆள் வாசலிலேயே புத்தகத்தைப் பிரித்தான். நாலு பக்கம் புரட்டினான். ஒரு பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.

"எங்க, எழுதனதெல்லாம்?"

"நீங்க குட்த்தப்ப எழுத்து இருந்துச்சா சார்?"

"இல்ல."

"அப்ப உங்க புக்கு உங்களுக்கு வந்துச்சு. கெளம்புங்க."

"திமிரு பாரு. ஒரு வருஷம் என் கார்ல சுத்துனான். என் காசுல நாஷ்டா துன்னான்."

"சாவுக்கு ஒரு மாலை போட்டியாய்யா நீ? மாலை இன்னா வெலைன்னு உன் புக்குல போட்டிருக்குதா பாரு."

"உங்களையெல்லாம் கார்ல ஏத்துனதே தப்பு" என்று சொல்லிவிட்டுப் போனான். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

உள்ளே போனால் அம்மா தரையில் கிடந்த ரப்பர் தூளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாடி பண்ண?"

சொன்னேன். முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"புக்க குடுன்னுதான சொன்னேன்? அவன் எழுத்த எதுக்குடி அழிச்ச? எனக்குப் படிக்கத் தெரியாது. அவன் கை பட்டதுன்னு ஒரு பக்கத்தக் கிழிச்சிக் குடுத்திருந்தா வெச்சிக்கினு இருந்திருப்பேனே பாவி."

ஒரு பக்கத்தைக் கிழித்து வைத்திருக்கலாம். போனிலாவது போட்டோ எடுத்திருக்கலாம். போன் என் மடியில்தான் இருந்தது. ஆத்திரத்தில் ரெண்டும் தோன்றவில்லை. ஸ்கூல் நோட்டெல்லாம் எப்போதோ பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாயிற்று. அவன் எழுத்து என்று வீட்டில் வேறு எதுவும் கிடையாது.

அப்புறம் அம்மாவே கேட்டாள். "இன்னாதான் எழுதியிருந்தான்?"

நினைவிருந்ததை எல்லாம் சொன்னேன். கம்மல், ஜாடி, நாய். நாயைச் சொன்னபோது மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நம்ம ஊட்டப் பத்தி ஒன்னும் எழுதலயா?"

"இல்லம்மா. நம்ம ஊட்ல இன்னா கீது, அந்தப் புக்குல எழுதறதுக்கு?"

துடைப்பத்தை எடுத்தேன். பிடுங்கித் தூரப் போட்டாள். அந்த ரப்பர் தூளை மூன்று நாள் யாரையும் பெருக்க விடவில்லை.