வெற்றிலை போட்ட வாய்

கருப்பட்டி காய்ச்சுபவர்களுக்குப் பயிற்சி தர நான் போன முதல் ஊர், அஞ்சுகிராமத்துக்குப் பக்கம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அங்கே பொன்னம்மாக்காவின் கருப்பட்டி இறுகாமல் இளகியது. வியாபாரி இனி வாங்கமாட்டேன் என்றுவிட்டார்.

பதனீர் புளித்தால் கருப்பட்டி இறுகாது; புளிக்காமல் காப்பது சுண்ணாம்பு. அது போதுமானால் நீலமாகும் தாளைப் பதனீரில் நனைத்தேன். சிவப்பாகவே இருந்தது.

"போடி! என் நாக்குக்குத் தெரியாததா ஒன் தாளுக்குத் தெரியும்? சுண்ணாம்பு உறைக்குதே!" என்று பதனீரைக் குடித்துப் பார்த்துச் சிரித்தார் பொன்னம்மாக்கா. வாயெல்லாம் வெற்றிலைச் சிவப்பு. உறைத்தது வெற்றிலைச் சுண்ணாம்பு!

"வாயைக் கொப்பளிச்சிட்டுக் குடிங்கக்கா."

குடித்தார். "அய்யோ, சுண்ணாம்பே இல்லியே மக்கா!"

மறுநாள் பனையில் கட்டும் கலயத்தில் கூடுதலாகச் சுண்ணாம்பு தடவி இறக்கிய பதனீரைக் காய்ச்சி ஊற்ற, தேங்காய்ச் சிரட்டையில் கல்லாக இறுகியது.

அடுத்த வகுப்பில் பொன்னம்மாக்கா முந்திக்கொண்டார்: "எல்லாரும் மொதல்ல வாயக் கழுவுங்கட்டி. பொறவு டீச்சர் சொல்லுறதக் கேளுங்க."

டீச்சர்! பரீட்சையில் தேறிய அன்றுகூட நான் அவ்வளவு நிமிர்ந்து நிற்கவில்லை.