தபால் நத்தையின் நிறம்

என் மகள் கொடைக்கானலில் ஒரு ஓட்டலில் வரவேற்பு மேசையில் நிற்கிறாள். வயது முப்பத்தெட்டு. சாவி கேட்டு வருகிறவர்களிடம் மூன்று பாஷையில் சிரிப்பாள். அவளுக்கு இன்னொரு சோலியும் உண்டு என்பது போன வருஷம்தான் எனக்குத் தெரிந்தது. போனில் இன்டர்நெட் பக்கம் ஒன்று வைத்துக்கொண்டு நத்தைகளைப் பற்றிச் செய்தி போடுகிறாள்.

முட்டைக்கோசைத் தின்கிற நத்தையைப் பற்றியென்றால் எங்கள் ஊரில் ஆளுக்கொரு செய்தி சொல்வோம். இது வேறு. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று பிளாஸ்டிக்கில் நத்தைகள் செய்தது. முதுகிலுள்ள ஓடு பெட்டி மாதிரித் திறக்கும். ஒன்றுக்குள் ரொட்டிக்கடை இருக்கும், ஒன்றுக்குள் ஆஸ்பத்திரி, இன்னொன்றுக்குள் தபாலாபீஸ். அந்தப் பொம்மைகள் விற்க வேண்டுமே என்று அவற்றை வைத்து ஒரு கார்ட்டூன் எடுத்தார்கள். என் மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அது ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழில் வந்தது. கொஞ்ச காலத்தில் நின்றும் போனது. இப்போது அதே கம்பெனி, இன்றைக்கு உள்ள பிள்ளைகளுக்காக அதைப் புதிதாக எடுக்கிறது. எப்போது வரும், யார் குரல் கொடுப்பார்கள், எந்த நத்தை உண்டு, எது இல்லை என்பதுதான் என் மகள் போடுகிற செய்தி.

இதை அவள் எனக்கு முதலில் விளக்கியபோது நான் பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"வெளையாட்டுச் சாமானச் செஞ்சு முடிச்சிட்டு, அதுக்கப்புறம் கதை எழுதுனாங்களா?"

"ஆமாம்மா."

"கல்யாணத்த முடிச்சிட்டு ஜாதகம் பாத்த மாதிரி இருக்கே."

"எனக்கு நீ அதத்தான செஞ்ச," என்றாள்.

நான் பீன்ஸைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

ஆனாலும் எனக்கு அந்த விஷயம் விடவில்லை. ஒவ்வொரு தடவை அவள் வரும்போதும் கேட்பேன். ஒரு நாள் ஒரு படம் காட்டினாள். வெளியூரில் ஏதோ ஒரு கடையின் பின்பக்கம், யாரோ அவசரமாக எடுத்தது. அட்டைப்பெட்டியின் மூலையில் குச்சி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"இது டாக்டர் நத்தையோட கொம்பும்மா. அப்படின்னா அது திரும்பி வருதுன்னு அர்த்தம்."

"ஒரு கொம்ப வச்சா சொல்ற?"

"மூணு நாளா எல்லாரும் இதப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருக்கோம்."

யோசித்துப் பார்த்தால் நாங்களும் அதைத்தான் செய்கிறோம். வடுகபட்டி சந்தைக்குப் பூண்டு ஏற்றிப்போன வண்டி திரும்பி வந்தால், டிரைவர் கதவைத் திறந்து கால் வைக்கிற விதத்தைப் பார்த்தே விலை ஏறியதா இறங்கியதா என்று ஊர் பேச ஆரம்பித்துவிடும். அதனால் அவள் பேச்சு எனக்குப் புரிந்தது. புரியாதது ஒன்றுதான்.

"இதையெல்லாம் யாருடி படிக்கிறா?"

"ஆடலூர்ல ஒரு டீச்சர். மலேசியாவுல ஒரு நர்சு. தாண்டிக்குடியில ஜீப் ஓட்டுறவரு ஒருத்தர், அவரு ஜீப்புல டாக்டர் நத்தை ஸ்டிக்கர்தான் ஒட்டியிருக்காரு."

"சாமி படம் இல்லையா?"

"அதுவும் இருக்கு. பக்கத்துல இது இருக்கு."

அவளுக்குப் பிடித்தது தபால் நத்தை. நத்தை கொண்டுபோகிற கடுதாசி என்றைக்குப் போய்ச் சேரும், பிறந்தநாள் வாழ்த்து போய்ச் சேருவதற்குள் அந்தப் பிள்ளைக்குப் பேரன் பிறந்திருப்பான் என்று நான் கேலி செய்வேன். அவள் சிரிக்கமாட்டாள். "லேட்டாப் போவாரு. ஆனா ஒரு லெட்டரக்கூடத் தொலைச்சதில்ல," என்பாள். நத்தைக்கு மரியாதை கொடுத்துத்தான் பேசுவாள். அவள் புருஷனுக்கு அந்த மரியாதை கிடைப்பதை நான் பார்த்ததில்லை.

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை வெள்ளனே வந்து இறங்கினாள். ஓட்டலில் சனி ஞாயிறு லீவு கிடையாது, செவ்வாய்தான். குடையை மடக்கக்கூட இல்லை.

"ம்மா, என் தபால் நத்தை எங்க?"

"காப்பி குடிக்கலயா?"

"அது எங்கம்மா?"

அவள் சொன்னதிலிருந்து எனக்கு விளங்கியது இதுதான். கம்பெனி புதுப் படத்தை வெளியிட்டிருக்கிறது. அதில் தபால் நத்தையின் ஓடு மஞ்சள். பழைய பொம்மைகளின் படங்களிலும் மஞ்சள்தான். ஆனால் என் மகள் வருஷக்கணக்காகத் தன் பக்கத்தில் வேறு கதை சொல்லிவந்திருக்கிறாள். அந்த நத்தையை முதலில் நீல நிறத்தில்தான் செய்தார்கள், கடைக்கு அனுப்பியதுதான் மஞ்சள், அந்த முதல் நீலம் ஒன்று தன் வீட்டில் இருக்கிறது என்று. இதற்காகவே அவள் பக்கத்துக்கு வருகிறவர்கள் இருந்தார்களாம். பழைய நீலத்தையே கொண்டுவரச் சொல்லிக் கம்பெனிக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதி, நிறையப் பேர் அதில் பெயர் போட்டிருக்கிறார்கள். ஆடலூர் டீச்சர் மட்டும் போடவில்லை. படத்தைக் காட்டுங்கள், பிறகு போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு நான்கு மணிக்கு என் மகள் போனில் எல்லாருக்கும் நேரடியாகப் பொம்மையைக் காட்டப்போகிறாள். காட்டி முடித்ததும் கடிதம் போகும்.

"மொதப் பேரு என் பேரு," என்றாள்.

நான் காப்பியை மறுபடி அடுப்பில் வைக்கப் போனேன்.

அந்த நத்தை வந்த விதத்தைச் சொல்லவேண்டும். அப்போது நான் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டல் சமையல்கட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அங்கே வேலை பார்த்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஊருக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை வராந்தாவில் பரப்பி வைப்பார்கள். ஒரு செருப்பு டப்பாவுக்குள் அது கிடந்தது. நாய் கடித்தது, சும்மா எடுத்துக்கொள் என்று அந்த அம்மா கொடுத்தாள். மஞ்சள் ஓடு. வீட்டுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பார்த்தால் ஓடு முழுக்கப் பல்தடம். தையில் மாட்டுக் கொம்புக்கு அடித்த பெயிண்ட் இரண்டு டப்பா மூலையில் இருந்தது. சிவப்பு காய்ந்து கல்லாகியிருந்தது. நீலம் கொஞ்சம் மிச்சம். கோழி இறகால் இரண்டு தடவை பூசி, அடுப்புக்கு மேல் பரணில் காயவைத்தேன். பல்தடம் மூடிவிட்டது.

பிள்ளை கையில் கொடுக்கும்போது சும்மா கொடுத்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. "இந்த நீலத்த வெள்ளைக்காரங்க அவங்க புள்ளைகளுக்கு மட்டும் வச்சுக்கிடுவாங்களாம். கடைக்கு அனுப்புறது வேற கலராம்," என்றேன். அவள் கண் விரிந்ததைப் பார்த்து எனக்கு ஒரே சந்தோஷம்.

கார்ட்டூனைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் இருந்த ஒரே டிவி பக்கத்து வீட்டு மதினியுடையது. கறுப்பு வெள்ளை. மேகம் இறங்கினால் அதுவும் வெறும் வெள்ளை. எல்லா நத்தையும் அதில் சாம்பல் நிறத்தில் ஊர்ந்தன. தபால் நத்தைக்கு நிறம் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான்.

"எங்க வச்ச?" என்று மறுபடி கேட்டாள்.

"எலி தூக்கிட்டுப் போயிருக்கும்."

"எலிக்குத் தபாலாபீசு எதுக்கும்மா?"

கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டியை இழுத்தாள். அடியில், என் பழைய ரவிக்கைத் துணியில் சுற்றி நான் வைத்திருந்ததை எடுத்தாள்.

"எலி துணியில சுத்தி, மேல முடிச்சும் போட்டு வச்சிருக்கு," என்றாள்.

அதைத் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டுக் கடிதத்தை வாய்விட்டுப் படித்துப் பழகினாள். நான் மழை வருகிறது என்றேன். அடுத்த செவ்வாய் வைத்துக்கொள்ளலாமே என்றேன். தலைவலிக்கிறது என்றும் சொல்லிப்பார்த்தேன். மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி படித்தாள். மணி மூன்றுக்கு மேல் ஆகிவிட்டது.

"ஏ புள்ள, ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். நீ சொன்னது தப்பாப் போச்சுன்னா என்னா ஆகும்? ஒரு நத்தைதான?"

அவள் காகிதத்தைக் கீழே வைத்தாள்.

"ஓட்டல்ல பதினோரு வருசமா நிக்கிறேன். அங்க நான் பேசுறதெல்லாம் மேனேஜர் பேச்சு. ரூமு காலியாக் கெடக்கும், இல்லன்னு சொல்லச் சொல்லுவாரு, இல்லம்பேன். வீட்ல என் புருசன் பேச்சு. இதுல மட்டுந்தாம்மா என் பேச்சு. நான் சொன்னா நெசமா இருக்கும்னு நம்பி நாலு பேரு வர்றாங்க. இங்கயும் பொய்க்காரின்னு ஆயிட்டா அப்புறம் எனக்குன்னு ஒண்ணுமில்ல."

பொம்மையை எடுத்துக் கவிழ்த்து அவள் முன்னால் வைத்தேன்.

"அடிப்பக்கம் கொஞ்சம் சுரண்டிப் பாரு," என்றேன்.

"எதுக்கு?"

"பாரேன்."

தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்துச் சுரண்டினாள். நீலம் செதில் செதிலாக வந்தது. கீழே மஞ்சள். இன்னும் கொஞ்சம் சுரண்டினாள். ஒரு பல்தடம் தெரிந்தது. அதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"என்னா பெயிண்ட்டு இது?"

"மாட்டுக் கொம்புக்கு அடிச்சது. உங்கப்பா வாங்குனது."

"வெள்ளைக்காரங்க புள்ளைகளுக்குன்னு சொன்னது?"

"அது நான் கட்டுனது. சொந்தமா."

அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு ஏம்மா சொல்லல?"

"மறந்துபோச்சுடி."

"நெசமாவா?"

"காலையில நீ வந்து கேக்குற வரைக்கும் நெசமா மறந்திருந்தேன். அதுக்கப்புறம் மறந்த மாதிரி இருந்தேன்."

மணி மூன்றரை. எனக்கு ஒரு வழி தோன்றியது. "காட்டாம விட்டுரு. எலி தூக்கிட்டுப் போயிருச்சுன்னு சொல்லிரு. எலிய யாரு போயி விசாரிக்கப்போறா?"

"நீ சொன்ன பொய்ய நெசம்னு நெனச்சுச் சொன்னேன். அது வேற. இப்பத் தெரிஞ்சே ஒண்ணு சொல்லச் சொல்றியா?"

எங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டி மேட்டில்தான் சிக்னல் ஒழுங்காக வரும். அவள் முன்னால் நடந்தாள். நான் குடையோடு பின்னால் ஓடினேன். மேகம் இறங்கி, கீழே பூண்டுக் காடுகள் ஒன்றும் தெரியவில்லை. போனை உயர்த்திப் பிடித்தாள். அவள் முகம் அதில் தெரிந்தது. அடியில் ஆட்கள் வந்து எழுதுவது ஓடிக்கொண்டிருந்தது.

வணக்கம் சொல்லிவிட்டு நேராகவே ஆரம்பித்தாள். "இத்தனை நாளா நான் சொன்னது தப்பு. தபால் நத்தை மஞ்சள்தான். எங்க வீட்ல இருக்கிறது பெயிண்ட் அடிச்சது. எனக்கு அது இன்னைக்கு மூணு மணிக்குத்தான் தெரியும். லெட்டர் போகாது." பொம்மையைத் திருப்பிச் சுரண்டிய இடத்தைக் காட்டினாள். அவ்வளவுதான் என்று நான் மூச்சுவிட்டபோது போனை என் பக்கம் திருப்பினாள்.

"எங்கம்மா. இவங்களே சொல்லுவாங்க."

ஊரில் எந்த விசேஷமானாலும் என்னைப் பேசவைத்துச் சிரிப்பார்கள். அந்தச் சின்னக் கண்ணாடிக்கு முன்னால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் பேசினேன்.

"நாந்தாங்க பூசுனேன். நாய் கடிச்ச தடம் தெரியக்கூடாதுன்னு. கதையும் நாந்தான் கட்டுனேன். புள்ள அத நம்பிருச்சு. அது மேல தப்பு இல்லைங்க."

அடியில் ஓடியதை அவள் வாசித்தாள், எதையும் விடாமல். தாண்டிக்குடி ஜீப்காரர் சிரிக்கிற முகமாக நாலைந்து போட்டிருந்தார். ஒருவர், அப்படியானால் நீங்கள் சொன்ன மற்றச் செய்திகளும் மாட்டுக் கொம்புப் பெயிண்டுதானா என்று கேட்டிருந்தார். சிலர் சொல்லாமல் போய்விட்டார்கள். ஆடலூர் டீச்சர், சொன்னதற்கு நன்றி என்று மட்டும் எழுதினார். அதைத்தான் அவள் இரண்டு தடவை வாசித்தாள்.

சாயங்கால பஸ்ஸுக்குப் போகும்வரை என்னிடம் பேசவில்லை. பொம்மையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த இரண்டு செவ்வாய் வரவில்லை. போனும் இல்லை. மதினியின் பேத்தியை விட்டு அவள் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொன்னேன். ஆட்கள் குறைந்திருந்தார்கள், ஆனால் இருந்தார்கள். செய்தி போடுவதை அவள் நிறுத்தவில்லை. ஒரு மாற்றம் மட்டும். ஒவ்வொரு செய்திக்கும் கீழே, நானே பார்த்தது என்றோ, பிறர் சொன்னது என்றோ, என் யூகம் என்றோ எழுதியிருந்தாள். டாக்டர் நத்தையின் கொம்புக்குக் கீழே, என் யூகம் என்று இருந்தது.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை போன் அடித்தது. நலம் விசாரிக்கவில்லை.

"ம்மா, ஒண்ணு கேக்கணும். அந்தக் கார்ட்டூன் கடைசி நாளு வந்தப்ப, தபால் நத்தை கடைசி லெட்டரக் குடுத்துட்டுப் போனாருல்ல. அதப் பாத்து அப்பா அழுதாருன்னு நீ அடிக்கடி சொல்லுவ. அது என்னா?"

"என்னான்னா?"

"நீ பாத்ததா, யாரும் சொன்னதா, நீயாக் கட்டுனதா?"

அவள் அப்பா போய் ஒன்பது வருஷமாகிறது. மதினி வீட்டுத் தரையில் அந்த மனுஷன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்ததையும், மடியில் இவள் இருந்ததையும், துண்டால் முகத்தைத் துடைத்ததையும் ஒன்றொன்றாக நினைத்துப் பார்த்தேன்.

"நான் பாத்தது," என்றேன்.

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. எழுதிக்கொள்கிறாளோ என்று தோன்றியது.

"மதினி வீட்டு அடுப்புப் பொகையும் அன்னைக்கு நெறையா இருந்துச்சு," என்றேன். "அதையும் சேத்து எழுதிக்க."