சம்ப்பில் மீன் தெரிந்த கதை

பஸ்ஸில் மீன்கூடை ஏறினால் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுகிற மனுஷர் என் கணவர். அப்படிப்பட்டவர் ரிட்டையர் ஆன கையோடு, மீன் பிடிப்பதற்கென்றே செய்த கயாக் என்கிற துடுப்புப் படகு ஒன்றை வாங்கினார்.

"பிடிச்சு, போட்டோ எடுத்து, திரும்பத் தண்ணிலயே விட்டுடுவேன். இது ஸ்போர்ட்டுடி" என்றார்.

"மீன் கிட்ட சொல்லிட்டேளா?" என்று கேட்டேன்.

மயிலாப்பூரில் எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில், இரண்டு பேர் உட்காரக்கூடிய அந்த ஆரஞ்சு வஸ்து வந்து படுத்துக்கொண்டது. ஸ்கூட்டர்களெல்லாம் மரியாதையாக ஒதுங்கி நின்றன. அதற்கு அடுத்த வாரம் மீன் காட்டும் கருவி வந்தது. ஒரு சின்னத் திரை, நீளமாக ஒரு ஒயர், அதன் நுனியில் சோப்புக்கட்டி மாதிரி ஒரு சென்சார். சென்சாரைத் தண்ணீருக்குள் விட்டால் அது ஒலி அனுப்பும், ஒலி எதன் மேலாவது பட்டுத் திரும்பினால் திரையில் படம் வரும். கூடவே தடிமனாக ஒரு கையேடு. அதில் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "மிச்சம் போகப் போகத் தெரிஞ்சுடும்" என்று மூடிவைத்தார். கல்யாணமான நாளிலிருந்து எல்லாவற்றையும் அவர் அப்படித்தான் தெரிந்துகொள்கிறார்.

கடலுக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் கருவியைச் சோதித்துப் பார்க்க வேண்டுமாம். கோட்டூர்புரம் பாலம் வரை போய் அடையாற்றைப் பார்த்துவிட்டு, கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே திரும்பி வந்தார். தெப்பக்குளத்தைப் பற்றியும் ஒரு கணம் யோசித்தார். என் முகத்தைப் பார்த்ததும் யோசிப்பதை நிறுத்திக்கொண்டார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கட்டடத்தின் தரையடித் தொட்டியான சம்ப்பின் மூடியைத் திறந்து, குடிதண்ணீருக்குள் சென்சாரை இறக்கினார்.

திரையில் மீன் வந்தது. ஒன்றல்ல, வரிசையாக. சென்சிட்டிவிட்டியைக் குறைத்தார், பொடி மீன்கள் மறைந்தன. கூட்டினார்; குடும்பத்தோடு திரும்பி வந்தன. ஆழம் முப்பத்தெட்டு அடி என்று காட்டியது. அந்தச் சம்ப்பில் நான் இறங்கி நின்றால் தண்ணீர் கழுத்துவரைதான் வரும்.

"அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார்.

வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், உள்ள மீனு கீதா?"

"ஆமாம்ப்பா, நிறைய."

அவர் கேட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் கட்டடம் முழுக்கச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. அசோசியேஷன் செயலாளர் பனியனோடு இறங்கி வந்து திரையைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. வாட்ஸாப் குரூப்பில் மூன்றாவது மாடிக்காரர், ஒரு மாசமாகவே தண்ணீரில் ஒரு வாடை அடிப்பதை இப்போதுதான் உணர்ந்தார். எதிர்வீட்டு மாமி, "ஏகாதசி அன்னிக்குக்கூட இந்தத் தண்ணியிலதான் காபி போட்டேன்" என்று எழுதி, அழுகிற முகங்களாகப் போட்டிருந்தார்.

உடனே சம்ப்பைக் காலி செய்வது என்று முடிவாயிற்று. மோட்டார் போட்டார்கள். தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு காத்துக் கிடக்கிற ஊரில் எங்கள் தெரு நெடுகத் தண்ணீர் ஓடியது. அடியில் சேறும் உடைந்த பிளாஸ்டிக் மக் ஒன்றும் கிடைத்தன. மீன் இல்லை.

"அதெப்படி இல்லாம போகும்?" என்று என் கணவர் சம்ப்புக்குள் தலையை நீட்டிக்கொண்டிருந்தார்.

நான் காபி எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். சென்சார் வெளியே, காய்ந்த சிமென்ட் தரையில், ஒரு ஸ்கூட்டர் சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. திரையில் மட்டும் ஒரு பெரிய மீன் நிதானமாக இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருந்தது.

படிக்கட்டில் உட்கார்ந்து கையேட்டைப் பிரித்தேன். கடையில் வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக, தண்ணீரே இல்லாமல் கற்பனை மீன்களை ஓடவிடுகிற ஒரு அமைப்பு இருக்கிறது. வாங்கியவுடன் அதை அணைத்துவிடவும் என்று போட்டிருந்தது. அது இருந்தது மூன்றாம் பக்கத்தில். அணைத்தேன். திரை வெறுமையானது.

"ஏன்னா, இது பொம்மை மீன்!"

"மெதுவா பேசுடி" என்றார். செயலாளர் அப்போதுதான் பின்னால் வந்து நின்றார். என் கணவர் நிமிர்ந்து திரையை அவர் பக்கம் திருப்பினார். "இப்போ க்ளியர் சார். ஒண்ணுகூட இல்ல."

"நீங்க மட்டும் இல்லேன்னா சார்..." என்று செயலாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வருஷக்கணக்காகக் கழுவாத சம்ப் அன்று கழுவப்பட்டது. குரூப்பில் கைகூப்பும் படங்கள் சாயங்காலம் வரை வந்துகொண்டே இருந்தன. அத்தனைக்கும் அடக்கமாக நன்றி சொன்னார் என் கணவர். சிரிப்பை அடக்க நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

அடுத்த வாரம் ஒரு வேனில் கயாக்கை ஏற்றி, கோவளம் பக்கம் கழிமுகத்துக்குப் போனோம். சென்சிட்டிவிட்டியைக் கூட்டினால் திரை முழுக்கக் கடுகு வெடித்த மாதிரி புள்ளிகள். குறைத்தால் ஒன்றுமில்லை. பின் சீட்டில் அவர் பட்டன்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, முன் சீட்டில் நான் கையேட்டை உரக்க வாசித்தேன்.

"ஆழம் குறைவான இடத்துல ரேஞ்சைக் குறைக்கணுமாம்."

"குறைச்சாச்சு."

"நாய்ஸ் ஃபில்டர்?"

"அது எங்கடி இருக்கு?"

கயாக் பாட்டுக்குக் கரையோரப் புதரை நோக்கிப் போனது. கையேட்டைப் பைக்குள் திணித்துவிட்டுத் துடுப்பை எடுத்தேன். முதலில் வட்டமடித்தேன். புடவை இல்லாமல் சல்வாரில் வந்தது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். பிறகு எப்படியோ கை பழகியது. தண்ணீர் விலகுகிற சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. ரொம்ப நாளைக்கப்புறம் என்னை யாரும் எதற்கும் கூப்பிடாத ஒரு அரைமணி நேரம் அது.

கூப்பிட்டார். "கொஞ்சம் நிறுத்துடி, கீழ என்னவோ வளைவா தெரியறது, நெஜ மீனா இருக்கும்!"

நிறுத்தவில்லை. வெயில் ஏறும்வரை துடுப்புப் போட்டேன். தூண்டிலில் ஒரு தெர்மோகோல் துண்டு மாட்டியது. அதையும் போட்டோ எடுத்தார், ஆனால் தண்ணீரில் விட நான் விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தோள்பட்டை இரண்டும் விண்விண்ணென்று வலித்தது. தைலம் தேய்த்துக்கொண்டே, "ஏன்னா, அடுத்த ஞாயிறும் போலாம்" என்றேன். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.