கஞ்சக்கா குறைத்த மெமரி

வீட்டுக்கு இன்டர்நெட் கொடுக்கும் ரவுட்டர் பெட்டி செய்கிற கம்பெனியில் அவளுக்கு வைத்த பெயர் கஞ்சக்கா. எந்தப் பெட்டிக்கு எவ்வளவு மெமரி என்று கணக்குப் போடுவது அவள் வேலை. கேட்டதில் பாதி கொடுத்தாலே பெரிது.

இந்தத் தடவை மேனேஜர் அவள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டிக்காரன் பெட்டிமேல் பெரிய எண் போட்டிருக்கிறான் என்று மெமரியை நான்கு மடங்கு ஏற்றிவிட்டார். சோதித்துப் பார்க்க அதில் ஒன்று அவள் வீட்டுக்கே வந்தது. வந்த வாரமே நாத்தனார் வேலைக்கு உலை வைத்தது.

நாத்தனாருக்கு வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை. டாக்டருக்கும் அவர் பாஷை தெரியாத நோயாளிக்கும் நடுவில், கம்ப்யூட்டர் வழியாகப் பேசிக்கொடுக்க வேண்டும். விவாகரத்தாகி அண்ணன் வீட்டுக்கு வந்தவள் தலைநிமிர்ந்து நடந்ததே அந்த வேலையால்தான். இப்போதோ, வீட்டில் யாராவது வீடியோ அனுப்பினால் போச்சு! அவள் குரல் தாமதமாகப் போகும், டாக்டர் அதற்குள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார். இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

மெமரி போதவில்லை, இன்னும் ஏற்று என்றார் மேனேஜர். புருஷனும் அதற்கு ஒத்து ஊதினான். கஞ்சக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போதாமலா இருக்கிறது? மிஞ்சியல்லவா கிடக்கிறது! வெளியே போகும் லைன் குறுகல். பெட்டியோ வந்ததையெல்லாம் வாங்கி வரிசையில் நிறுத்துகிறது. இடம் பெரிதானால் வரிசையும் நீளும். வீடியோ மூட்டைகளுக்குப் பின்னால் நாத்தனார் குரல் கால்கடுக்க நிற்கிறது. இடமில்லை போ என்று திருப்பிவிட்டால்தான் மூட்டை அனுப்புகிறவன் வேகத்தைக் குறைப்பான்; திரும்பியதை மறுபடி அனுப்பிக்கொள்வான்.

சனிக்கிழமை மேனேஜரை வீட்டுக்கே வரவழைத்தாள். வரிசைக்கென்று இருந்த மெமரியில் துளியூண்டு விட்டுவிட்டு மிச்சத்தைப் பூட்டினாள். அன்றைக்கு நாத்தனாருக்கு நிஜமான அழைப்பு இருந்தது.

"அண்ணி, இது போச்சுன்னா எனக்கு வேற எதுவும் இல்ல."

"தெரியும்டி. அதனாலதான் குறைச்சிருக்கேன்."

நாத்தனார் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே புருஷன் பழைய பயண வீடியோக்களை இன்டர்நெட்டில் ஏற்றினான், மகள் தோழியோடு வீடியோவில் அரட்டை. மேனேஜர் சும்மா இருப்பாரா? தன் லேப்டாப்பிலிருந்து இருப்பதிலேயே பெரிய ஃபைலைத் தள்ளிவிட்டார். கஞ்சக்கா கதவோடு ஒட்டி நின்றாள். உள்ளே கேள்வியும் பதிலும் தங்குதடையில்லாமல் போய்க்கொண்டிருந்தன.

மேனேஜர் ஃபைலைப் பார்த்தார். அதுவும் முழுசாகப் போய்ச் சேர்ந்திருந்தது. புதுப் பெட்டிக்கெல்லாம் இதே அளவு போட்டுவிடலாம் என்றார். கஞ்சக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கதவைத் திறந்துகொண்டு நாத்தனார் வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"இன்னிக்கு வந்த நோயாளி ஒரு பெரியவர், தன் கால்வலியப் பத்தி ஒரு ஜோக் சொன்னாரு அண்ணி. நான் சொல்லி முடிக்கவும் டாக்டர் சிரிச்சுட்டாரு. மூணு பேரும் ஒண்ணா சிரிச்சோம்."